அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒத்திகை ஏன் மோசமாகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: முதல் முறையாக ஒரு நாடகத்தை இயக்குகிறீர்கள். ஏழு நடிகர்கள், ஒன்றரை மணி நேர நாடகம். அரங்கேற்றத்துக்கு இன்னும் இரண்டு வாரம். தினமும் மாலை முழு நாடகத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறீர்கள். போன வாரம் கலகலப்பாக இருந்த காட்சிகள் இந்த வாரம் உயிரில்லாமல் கிடக்கின்றன. ஒரு நடிகர் மூன்றாம் காட்சியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வசனத்தைக் கோட்டை விடுகிறார். அரங்கம் கடைசி இரண்டு நாள்தான் கைக்கு வரும். விடுமுறையை ரத்து செய்துவிட்டு ராத்திரி ஒத்திகையும் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். நேரத்தைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், உங்களை அரிப்பது வேறு என்று நினைக்கிறேன்: இது எல்லோருக்கும் வருகிற தொய்வா, இல்லை நாடகமே கையை விட்டுப் போகிறதா? பல வருடம் ஸ்டேஜ் மேனேஜராகவும் (ஆட்டம் நடக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பவர்), அதற்கப்புறம் இயக்குநராகவும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் விவரிப்பது தொய்வுதான். நேரத்தைக் கூட்ட வேண்டாம். இருக்கிற நேரத்தில் செய்கிற வேலையை மாற்றுங்கள். இதுவரை நாடகத்தை உருவாக்கினீர்கள். இனிமேல், உருவானதை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அப்படியே திரும்ப நடத்திக்காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒத்திகை உதவாது.

முதலில் தொய்வு ஏன் வருகிறது என்று பார்ப்போம். வசனப் பிரதி கையை விட்டுப் போன புதிதில் நடிகரின் கவனம் முழுக்க அடுத்த வரியைப் பிடிப்பதிலேயே இருக்கும். எதிரே நிற்பவர் பேசுவதை அவர் கேட்பதில்லை, தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறார். காட்சி செத்துப்போகிறது. வசனம் நாக்கில் படிந்ததும் இது பெரும்பாலும் தானாகவே சரியாகும். அடுத்தது கொஞ்சம் சிக்கலானது. எதிராளி என்ன சொல்லப்போகிறார் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே முகத்தில் பதில் வந்துவிடுகிறது, அதிர்ச்சி அரை நொடி முன்னால் வந்து நிற்கிறது. மூன்றாவதாக நீங்களே இருக்கிறீர்கள். முதல் வாரம் சிரித்த இடத்தில் இப்போது நீங்கள் சிரிப்பதில்லை. நடிகர்கள் அதைப் பார்க்காத மாதிரி இருப்பார்கள், ஆனால் பார்க்கிறார்கள். ஆகவே நாடகம் உண்மையிலேயே மோசமாகிவிட்டதா, உங்கள் கண் அலுத்துவிட்டதா என்பதை உங்களால் தனியாகத் தீர்மானிக்க முடியாது. கதையே தெரியாத இரண்டு மூன்று பேரை ஒரு முழு ஓட்டத்துக்குக் கூப்பிடுங்கள். முடிந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், நல்லா இருந்தது என்பார்கள். “என்ன கதை, சொல்லுங்கள்” என்று கேளுங்கள். எங்கே குழம்பினார்கள், எந்த இடத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று புரியவில்லை என்பதெல்லாம் அதிலேயே வந்துவிடும். உங்களுடையது நகைச்சுவை நாடகமாக இருந்தால் இது இன்னும் அவசியம். சிரிப்பு வரும் இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதைக் காலி அறையில் யாராலும் பழக முடியாது.

அடுத்து, தினமும் முழு ஓட்டம். முழு ஓட்டத்தால் சில விஷயங்கள் மட்டுமே தெரியும்: நாடகம் எத்தனை நிமிடம், நடிகர்களுக்கு மூச்சு தாங்குகிறதா, உடை மாற்ற நேரம் போதுமா, கதை எந்த இடத்தில் தளர்கிறது. தப்பைத் திருத்த அது உதவாது. பத்து நொடியில் நடந்த தப்பு அப்படியே கடந்து போகும், மறுநாள் அதே இடத்தில் அதே தப்பு வரும். தினமும் ஓட்டினால் தப்பையும் சேர்த்துத்தான் பழகுகிறீர்கள். நான் என்றால் மூன்று நாளுக்கு ஒரு முழு ஓட்டம் வைப்பேன். நடுவிலுள்ள இரண்டு நாளில், ஓட்டத்தின்போது எழுதி வைத்த இடங்களை மட்டும் எடுத்து, தேவையான நடிகர்களை மட்டும் வரவழைத்து, ஒவ்வொரு இடத்தையும் சரியாக வரும்வரை செய்து பார்ப்பேன். ஏழு பேரையும் மூன்று மணி நேரம் உட்கார வைத்து அதில் இரண்டு பேருடன் மட்டும் வேலை செய்வதைப்போல் ஒரு குழுவின் உற்சாகத்தைக் கெடுப்பது வேறு எதுவுமில்லை.

வசனம் மறப்பதைப் பற்றி உறுதியாகவே சில விஷயங்கள் சொல்லலாம், ஏனென்றால் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நினைவுபடுத்திப் பழகியவர்கள்தான் மேல். ஒத்திகைக்கு முன் மூலையில் உட்கார்ந்து பிரதியைப் புரட்டுகிற நடிகருக்கு ‘எல்லாம் தெரியும்’ என்ற தெம்பு வருவதும், எழுந்து நின்றதும் அது காணாமல் போவதும் இதனால்தான். பிரதியை மூடி வைத்துவிட்டு, இன்னொருவர் முன்வரியைச் சொல்ல, இவர் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் யார் வேண்டுமானாலும் முன்வரி சொல்லலாம், நடிகராக இருக்க வேண்டியதில்லை.

ஹெல்கா நாய்ஸ், டோனி நாய்ஸ் என்ற தம்பதி நடிகர்களின் நினைவாற்றலையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். அனுபவமுள்ள நடிகர்கள் வரியை உருப்போடுவதைவிட, இந்தப் பாத்திரம் இதை ஏன் இந்த நேரத்தில் சொல்கிறது என்று தேடிப்போவதன் வழியாகவே வசனத்தைப் பிடிக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. இன்னொன்று, நகர்ந்தபடி சொன்ன வரிகள் சும்மா நின்று சொன்ன வரிகளைவிட நன்றாக நினைவில் நின்றன. உங்கள் மூன்றாம் காட்சி நடிகர் மறக்கிற இடத்தில் “எத்தனை தடவை சொல்வது?” என்று கடிந்துகொள்ளாமல், “இதை எதற்காக இப்போது சொல்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் அவருக்கே காரணம் தெளிவாக இருக்காது. காரணம் தெளிவாக இருந்தும் மறந்தால் அவருக்கு முன் பேசுகிறவரைக் கவனியுங்கள். முன்வரியை அவர் நாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், பழி இவர் தலையில் விழும். அதுவும் இல்லையென்றால், நாடகத்தில் இரண்டு இடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி முன்வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி இருந்தால் ஒரு நாள் கண்டிப்பாக ஒருவர் இங்கிருந்து அங்கே தாவி, பாதிக் காட்சியைத் தின்றுவிடுவார். ஒன்றில் சொல்லை மாற்றிவிடுவது நல்லது. மாற்ற முடியாதென்றால், தாவிவிட்டால் யார் எந்த வரியைச் சொல்லித் திரும்பக் கொண்டுவருவது என்று முன்பே பேசி வையுங்கள்.

நாடகக்காரர்கள் ‘இத்தாலியன்’ என்று சொல்லும் வேக ஒத்திகையையும் ஒரு நாள் செய்யுங்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நடிப்பு எதுவும் இல்லாமல், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக முழு வசனத்தையும் சொல்ல வேண்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கே வசனம் இன்னும் படியவில்லை. அப்புறம், ஒரு தேதியை அறிவித்துவிடுங்கள்: அன்று முதல் யாரும் எடுத்துக்கொடுக்க மாட்டார்கள், மறந்தால் நடிகர்களே சமாளித்து வெளியே வர வேண்டும். முதல் நாள் கோரமாக இருக்கும். மூன்றாம் நாள் ஒருவரையொருவர் காப்பாற்றப் பழகிவிடுவார்கள்.

பார்வையாளர்கள் முன்னால் என்ன ஆகும் என்பதற்கு உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1965இல் எழுதிய கட்டுரை ஒரு நல்ல வழிகாட்டி. மற்றவர்கள் பார்க்கும்போது, நன்றாகப் பழகிய வேலை மேலும் நன்றாக வருகிறது, சரியாகப் பழகாத வேலை மேலும் கெடுகிறது என்பது அவர் வாதம். 1969இல் அவரும் சக ஆய்வாளர்களும் கரப்பான்பூச்சிகளை வைத்தே இதைச் சோதித்தார்கள். மற்ற கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது நேரான பாதையில் பூச்சிகள் வேகமாக ஓடின, திருப்பமுள்ள பாதையில் மெதுவாகிவிட்டன. நடிகர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் கோபப்படுவார்கள், நன்றாக நினைவிலும் வைத்துக்கொள்வார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என் சொந்த ஊகம், ஆய்வு நேரடியாகச் சொன்னதில்லை: கடைசி வாரத்தில் மாற்றிய நகர்வு அரங்கேற்றத்தன்று காணாமல் போய், ஒரு மாதம் பழகிய பழைய நகர்வு திரும்பி வந்துவிடும். ஒருவர் புதிய நகர்வுப்படியும் இன்னொருவர் பழையபடியும் போனால் இருவரும் மேடையில் மோதிக்கொள்வார்கள். அதனால் மாற்றங்களுக்கு ஒரு கடைசி நாள் வையுங்கள். உங்கள் கணக்கில் அது அரங்கேற்றத்துக்கு ஐந்தாறு நாள் முன்பாக இருக்கலாம். அதற்கப்புறம் ஆபத்தான ஒன்றை எளிமையாக்குவதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்கு ஒரு அற்புதமான யோசனை வரும். அடுத்த நாடகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் விஷயம். கடைசி இரண்டு வாரத்தில் நாடகங்கள் சொதப்புவது பெரும்பாலும் காட்சிகளுக்குள்ளே இல்லை, காட்சிகளுக்கு நடுவில்தான். ஒரு காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும் நாற்காலியை யார் எடுக்கிறார்கள்? எந்தப் பக்கமாகப் போகிறார்கள்? அதே நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து யார் உள்ளே வருகிறார்கள்? இரண்டாம் காட்சியில் மேஜைமேல் வைத்த டம்ளர் காட்டில் நடக்கும் நான்காம் காட்சியிலும் அங்கேயே இருக்குமா? கடிதத்தைக் கிழித்துப் போட்ட பிறகு துண்டுகளைப் பொறுக்குவது யார் வேலை? ஒத்திகை அறையில் “சரி, இதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்ட ஒவ்வொன்றும் அரங்கத்தில் வட்டியோடு வரும். ஒரு முழு மாலையை இதற்கென்றே ஒதுக்குங்கள். வசனமே வேண்டாம். ஒரு காட்சியின் கடைசி இரண்டு வரி, மாற்றம், அடுத்த காட்சியின் முதல் இரண்டு வரி, அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளுக்கும் யார், எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவருகிறார், எங்கே வைக்கிறார், யார் திரும்ப எடுக்கிறார் என்று ஒரு பட்டியல் வேண்டும். பக்கத் திரைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரு மேஜை போட்டு, மேலே தாள் விரித்து, ஒவ்வொரு பொருளின் இடத்தையும் கோடு போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள். காலியாகக் கிடக்கும் கட்டம் என்ன குறைகிறது என்று உடனே காட்டிவிடும். ஆனாலும் தன் பொருள் இருக்கிறதா என்று நாடகம் தொடங்கும்முன் பார்ப்பது அந்தந்த நடிகரின் பொறுப்புதான்.

அரங்கம் கடைசியில்தான் கிடைக்கும் என்றாலும் அதன் அளவு இன்றே கிடைக்கும். மேடையின் அகலம், ஆழம், பக்கத்தில் நிற்க எவ்வளவு இடம், எந்தப் பக்கம் வாசல் என்று கேட்டு வாங்கி, ஒத்திகை அறைத் தரையில் வண்ண டேப் ஒட்டுங்கள். இடம் பத்தவில்லை என்றால் முக்கியமான தூரங்களையாவது குறியுங்கள். ஒத்திகையில் நான்கு எட்டில் கடந்த தூரம் மேடையில் ஒன்பது எட்டானால் வசனம் முடிந்த பிறகும் நடிகர் நடந்துகொண்டிருப்பார். உடைகள் எல்லாம் தயாராகாவிட்டாலும் செருப்பு, ஷூ ஆகியவற்றை இப்போதே கொடுங்கள், நடை மாறுவது காலிலிருந்துதான். நீளமான பாவாடை, மூக்குக்கண்ணாடி, ஊன்றுகோல் எல்லாமும் அப்படியே. 1874இல் பெர்லினுக்கு வந்து பெயர் வாங்கிய ஜெர்மனியின் மைனிங்கன் நாடகக் குழு, உடைகளையும் மேடைப் பொருட்களையும் ஒத்திகையின் தொடக்கத்திலிருந்தே நடிகர்கள் கையில் கொடுத்ததற்காகப் பேசப்பட்டது. ஒரு பிரபுவின் பணம் அவர்கள் பின்னால் இருந்தது, நமக்கு அந்த வசதி இல்லை. மாற்றுப் பொருள் வைத்தாவது பழகலாம். ஆனால் அதே எடையும் அளவும் இருக்கட்டும். காலிப் பெட்டியைத் தூக்கிப் பழகியவருக்கு நிரம்பிய பெட்டி வேறு பெட்டி.

இருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பளீரென்ற விளக்கிலிருந்து திடீரென இருட்டானால் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நாடகத்தில் காட்சி மாற்றத்துக்கு நமக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நொடி. அதாவது அந்த நேரத்தில் மேடையிலிருப்பவர்கள் ஏறக்குறைய கண் தெரியாதவர்கள். படிக்கட்டு விளிம்பு, மேடை ஓரம், மேஜைக் கால் வைக்கும் இடம் எல்லாவற்றிலும் ஒளிரும் டேப் ஒட்டுங்கள். மாற்றத்தை முதலில் வெளிச்சத்திலும், பிறகு உண்மையான விளக்குக்கு அடுத்த இருட்டிலும் பழகுங்கள். சண்டை, தூக்குதல், விழுதல் இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் அதை மட்டும் தனியாக, மெதுவான வேகத்தில் ஒரு தடவை செய்து பார்ப்பது நாடகத் தொழிலில் நிலைத்துவிட்ட வழக்கம். நேரமில்லை என்று இதை மட்டும் விடாதீர்கள்.

அரங்கத்தில் கிடைக்கும் இரண்டு நாளை எப்படிச் செலவழிப்பது? முதல் நாள் விளக்கு, ஒலி ஆட்களுக்குச் சொந்தம், நடிகர்களுக்கு இல்லை. இதை நடிகர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுக் காட்சியில் நிறுத்தும்போதெல்லாம் முகம் சுருங்கும். அதற்கு முந்தைய வாரமே விளக்கு, ஒலி இயக்குபவர்களும் ஸ்டேஜ் மேனேஜரும் நீங்களும் உட்கார்ந்து எல்லா கியூவுக்கும் (விளக்கோ ஒலியோ மாற வேண்டிய தருணம்) எண் போட்டு, எந்தச் சொல்லில் அல்லது எந்த அசைவில் மாற வேண்டும் என்று ஸ்டேஜ் மேனேஜரின் பிரதியில் குறித்துவிடுங்கள். அரங்கத்தில் உட்கார்ந்து விவாதித்தால் ஒரு நாள் அதிலேயே போய்விடும். பிறகு கியூ விட்டு கியூ ஒத்திகை. கியூவுக்கு இரண்டு மூன்று வரி முன்னால் தொடங்கி, மாற்றம் சரியாக வந்ததும் அடுத்த கியூவுக்குத் தாவ வேண்டும், நடுவிலுள்ள வசனம் வேண்டாம். ஸ்டேஜ் மேனேஜர் முதலில் ‘தயார்’ என்று எண்ணைச் சொல்வார், நேரம் வந்ததும் ‘கோ’ என்பார். அந்த ‘கோ’வை வேறு எந்தப் பேச்சிலும் யாரும் உபயோகிக்கக் கூடாது, உபயோகித்தால் விளக்கு அணைந்துவிடும். சிரிக்காதீர்கள், அணையும்.

இரண்டாம் நாள் உடை, ஒப்பனையோடு நிறுத்தாமல் ஒரு முழு ஓட்டம். நீங்கள் குறிப்பேட்டோடு பார்வையாளர் இருக்கையில் உட்காருங்கள். என்ன நடந்தாலும் நிறுத்துகிற அதிகாரம், ஆபத்து இருந்தால் மட்டும், ஸ்டேஜ் மேனேஜருக்கு. கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்துக் குரல் வருகிறதா என்று கேளுங்கள். காலி அரங்கத்தில் குரல் எதிரொலித்து நன்றாகவே கேட்கும், ஆட்கள் நிறைந்ததும் உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சிவிடும். ஆகவே ‘இப்போது சுமாராகக் கேட்கிறது’ என்றால் அன்று கேட்காது. கத்தச் சொல்லாதீர்கள். வரியின் கடைசிச் சொல்லை விழுங்காமல் சொல்லச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். இறுதியில் வணக்கம் சொல்வதையும் பழகுங்கள். ஒன்றரை மணி நேரம் நன்றாக ஆடிவிட்டுக் கடைசியில் யார் எங்கே நிற்பது என்று தள்ளிக்கொள்ளும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

அன்று இரவு நீங்கள் கொடுக்கும் குறிப்புகளில் பாதுகாப்பு, கேட்கும் தன்மை, கியூ இவை மட்டும் இருக்கட்டும். பாத்திரத்தின் ஆழத்தைப் பற்றிப் பேசும் காலம் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய நாட்களிலும் ஒருவருக்கு இரண்டு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம், சங்கடப்படுத்தக்கூடியதைத் தனியாகச் சொல்லுங்கள். ‘கடைசி ஒத்திகை சொதப்பினால் அரங்கேற்றம் அமர்க்களமாக இருக்கும்’ என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். இதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. பயந்துபோன நடிகர்கள் மறுநாள் கூடுதல் கவனமாக இருப்பது உண்டு, அது வரைக்கும் சரி. ஆனால் திறக்காத கதவு மறுநாளும் திறக்காது. நடுக்கத்துக்கு மருந்தாக ‘அமைதியாக இரு’ என்று சொல்வதைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று அவர்களையே சொல்லவைப்பது மேல் என்று ஆய்வாளர் அலிசன் வுட் ப்ரூக்ஸின் 2014 ஆய்வு காட்டுகிறது. அவர் சோதித்தது பாட்டு, மேடைப் பேச்சு, கணக்கு ஆகியவற்றில். நாடகத்துக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், செலவில்லாத காரியம் என்பதால் செய்து பார்க்கலாம்.

விடுமுறையை ரத்து செய்யாதீர்கள். அரங்கத்துக்குள் போவதற்கு முந்தைய நாள் முழு ஓய்வு கொடுங்கள். அன்று கற்றது படிவதற்குத் தூக்கம் வேண்டும், குரலுக்கும் அதே ஓய்வு வேண்டும், ராத்திரி ஒத்திகை இரண்டையும் திருடிவிடும். தேதியைத் தள்ளிவைப்பதா என்ற யோசனையும் உங்களுக்கு வந்திருக்கலாம். மாஸ்கோ கலை அரங்கம் 1898 டிசம்பரில் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘கடற்பறவை’யை மேடையேற்றியபோது சுமார் 80 மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்தார்கள், அந்தக் காலத்துக்கு அது அதிகம். அப்படியும் அந்த அரங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரும் இயக்குநருமான ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்குப் போதவில்லை. ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னார், மறுத்தால் சுவரொட்டியிலிருந்து தன் பெயரை எடுத்துவிடுவதாகவும் மிரட்டினார். இன்னொரு நிறுவனரான நெமிரோவிச்-தான்சென்கோ மசியவில்லை. நாடகம் பெரிய வெற்றி பெற்றது. இதே நாடகம் 1896இல் பீட்டர்ஸ்பர்க்கில் சொற்ப நாள் ஒத்திகையோடு ஏறிப் படுதோல்வி அடைந்ததும் உண்மை, ஆனால் அன்று வந்த கூட்டம் ஒரு நகைச்சுவை நடிகைக்காக வந்த கூட்டம், அதனால் பழியை முழுக்க ஒத்திகைமேல் போட முடியாது. என் அளவுகோல் எளிது: ஆபத்தான ஏதாவது தயாராகவில்லை என்றாலோ, ஒரு வாரம் இருக்கும்போதும் முக்கிய நடிகருக்கு உட்கார்ந்த இடத்தில்கூட வசனம் முழுதாக வரவில்லை என்றாலோ தள்ளிவைக்கலாம். ‘இன்னும் நன்றாக வரலாம்’ என்பதற்காக வேண்டாம், அந்த எண்ணம் கடைசி ஆட்டம் வரை போகாது. உங்கள் நடிகரின் மறதிக்குப் பின்னால் உடல்நலமோ வீட்டுப் பிரச்சினையோ இருந்தால் இங்கிருந்து எனக்குத் தெரிய வழியில்லை. அதைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

அரங்கேற்றத்தன்று திரைக்குப் பின்னால் நிற்பதா, முன்னால் உட்காருவதா என்றும் கேட்டிருந்தீர்கள். முன்னால், பின்வரிசையின் ஓரத்தில். தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பக்கத் திரைக்குள் நீங்கள் நின்றால் நடிகர்கள் ஒவ்வொரு எக்ஸிட்டிலும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், ஸ்டேஜ் மேனேஜருக்கும் இடைஞ்சல். குறிப்பேட்டை எடுத்துப் போங்கள். மறுநாளும் ஆட்டம் இருந்தால், பார்வையாளர்கள் சிரித்த இடங்களையும் இருமத் தொடங்கிய இடங்களையும் நேரத்தோடு குறித்து வையுங்கள், மறுநாள் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.